எனக்கு வில்பவர் இல்லைன்னு சொன்னவங்களுக்கு

ரெண்டு வருஷம் முன்னாடி நடக்கிறதுக்குன்னே ஒரு ஷூ வாங்கினேன். வாங்கின அன்னிக்கு ராத்திரி என் உற்சாகத்தை நீங்க பாத்திருக்கணும், ஹால்லயே போட்டுக்கிட்டு ரெண்டு சுத்து சுத்தி, லேஸ் இறுக்கமா இருக்கா லூஸா இருக்கான்னு பாத்து, 5:15க்கு அலாரம் வச்சு, பத்தலைன்னா இருக்கட்டும்னு 5:20க்கு இன்னொண்ணு வச்சு, அப்புறம்தான் படுத்தேன். காலையில ரெண்டு அலாரமும் அடிச்சுது. ரெண்டையும் அமுக்கிட்டுத் திரும்பிப் படுத்துட்டேன். மறுநாளும் அதே கதை. நாலாவது நாள் அலாரமே வைக்கல, எதுக்கு வீட்ல மத்தவங்க தூக்கத்தையும் கெடுக்கணும்னு ஒரு பெருந்தன்மைதான்.

ஷூ அட்டைப்பெட்டிக்குள்ள போயி பீரோவுக்கு மேல உக்காந்துச்சு. அதுக்குள்ள இருக்குமே, சின்னதா வெள்ளை பாக்கெட், ஈரம் உறிஞ்சுறது, அதைக்கூட நான் எடுக்கல.

எங்க வீட்டுக்காரர் தினமும் காலையில ஓடுறவர். அவர் ஒருநாள் சாதாரணமா, திட்டுற மாதிரி கூட இல்ல, வானிலை சொல்ற மாதிரி சொன்னார்: "உனக்கு வில்பவர் பத்தாதும்மா." நானும் ஆமாம்னுதான் நெனச்சேன். ரொம்ப நாள் அப்படியே நெனச்சுக்கிட்டு இருந்தேன்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்குச் சொல்ற கணக்கு வாரத்துக்கு 150 நிமிஷம், கொஞ்சம் மூச்சு வாங்குற அளவுக்கு ஏதாவது செய்யணும். ஒரு நாளைக்குப் பிரிச்சா 22 நிமிஷம் கூட முழுசா வராது. 2022 கணக்குப்படி உலகத்துல 31 சதவீதம் பெரியவங்க இதைக்கூட எட்டல, கிட்டத்தட்ட 180 கோடி பேர். 2010ல அது 26 சதவீதமா இருந்துச்சு. இப்போ யோசிங்க, பன்னெண்டு வருஷத்துல இத்தனை கோடிப் பேருக்கு ஒண்ணா வில்பவர் தீந்து போச்சா என்ன, பங்க்ல பெட்ரோல் தீர்ற மாதிரி? மனுஷன் மாறல, மனுஷனைச் சுத்தி ஏதோ மாறியிருக்கு. இந்த நம்பரைப் பாத்ததுக்கு அப்புறம்தான் எனக்கு என் மேல இருந்த கோவம் கொஞ்சம் இறங்குச்சு, நல்லதா கெட்டதா தெரியல.

தெரியாமத்தான் செய்யாம இருக்கோம்னு சொல்றதையும் நான் ஒத்துக்க மாட்டேன். நடந்தா நல்லதுன்னு தெரியாத ஆள் யாராவது இருக்காங்களா? பயமுறுத்தினாலும் வேலைக்கு ஆகல. என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்ல சுகர் பார்டர்ல நிக்குதுன்னு டாக்டர் பேனாவால வட்டம் போட்டுக் காட்டினார், "இப்படியே போனா"ன்னு ஆரம்பிச்சு பாதியிலயே நிறுத்திட்டார், அந்த நிறுத்தினதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு. பதினோரு நாள் நடந்தேன். பன்னெண்டாவது நாள் பயம் பழகிப் போச்சு. மரபணு டெஸ்ட் எடுத்து உனக்கு இந்த நோய் வர்றதுக்கு இவ்வளவு ரிஸ்க் இருக்குன்னு சொல்லிட்டா ஜனங்க திருந்திடுவாங்களான்னு, 18 ஆய்வுகளைச் சேத்து வச்சு அலசி 2016ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல போட்டிருந்தாங்க. சிகரெட், சாப்பாடு, உடற்பயிற்சி எதுலயும் சொல்லிக்கிற மாதிரி மாற்றமே இல்லையாம். எனக்கு ஆச்சரியமா இல்ல. பயத்தை எத்தனை நாளைக்குத்தான் தூக்கிக்கிட்டு அலையுறது.

சரி, அப்போ எதுதான் நம்மளைத் தடுக்குது. என் விஷயத்துல பதில் தேட எட்டாங்கிளாஸ் வரைக்கும் பின்னாடி போக வேண்டியிருந்துச்சு.

நானூறு மீட்டர். சுண்ணாம்புக் கோடு போட்ட மைதானம், வெயில், ஸ்கர்ட் முழங்கால்ல ஒட்டுது. மத்தவங்க எல்லாம் முடிச்சுட்டு குழாயடியில தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்காங்க, நான் இன்னும் கால்வாசி பாக்கி. பி.டி. சார் வாயில விசிலை வச்சுக்கிட்டு, என் கால் தரையில படுற ஒவ்வொரு தடவையும் ஒரு பீப், ஒரு பீப்னு ஊதினார். கால் தடுமாறினா விசிலும் தடுமாறும். குழாயடியில எல்லாரும் சிரிச்சாங்க. நான் நடக்கவும் முடியல, ஏன்னா நடந்தா விசில் இன்னும் மெதுவா, இன்னும் நீளமா வரும். கோட்டைத் தாண்டினதும் "வாம்மா, மாடு கூட வீட்டுக்குப் போயிடுச்சு"ன்னார். அவர் கெட்ட மனுஷன் இல்ல, வேடிக்கையா சொல்றோம்னு நெனச்சிருப்பார். அன்னிக்கு சாயந்தரமே மறந்திருப்பார். முப்பது வருஷம் ஆச்சு, எனக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சாலே காதுக்குள்ள அந்த பீப் கேக்குது.

இதை நான் ஏதோ என்னோட தனிப்பட்ட வியாதின்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். 2018ல அமெரிக்காவுல ஆயிரத்துச் சொச்சம் பெரியவங்ககிட்ட ஸ்கூல்ல விளையாட்டு பீரியட் ஞாபகம் எப்படின்னு கேட்டு, இப்போ அவங்க எவ்வளவு நேரம் உக்காந்தே இருக்காங்கன்னும் கேட்டு ரெண்டையும் பொருத்திப் பாத்திருக்காங்க. மோசமான ஞாபகம்னு நிறைய பேர் சொன்னது அசிங்கப்பட்டதைத்தான். அன்னிக்கு அந்த பீரியட் பிடிக்காமப் போனவங்க இன்னிக்கும் கூடுதலா உக்காந்தே இருக்காங்க. தொடர்பு ரொம்பப் பெருசு இல்ல, ஆனா இருக்கு. அந்த ஆய்வுக்கு வச்ச தலைப்பே "அது முடிஞ்சுபோனதுதான் எனக்கு நல்ல ஞாபகம்"ங்கிற மாதிரி ஒரு வரி. படிச்சதும் சிரிப்பு வந்துச்சு, அப்புறம் கொஞ்ச நேரம் சும்மா உக்காந்திருந்தேன்.

சோம்பேறித்தனம்னு நான் பேர் வச்சிருந்தது பாதிக்கு மேல வெக்கம். அடுத்தவங்க பாப்பாங்களேங்கிற வெக்கம். வேர்த்து, முகம் சிவந்து, மூச்சு இரைக்க நிக்கிற என்னை இன்னொருத்தர் பாக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம், அதைத்தான் இத்தனை வருஷமா டைம் இல்ல டைம் இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். (டைமும் இல்லதான், அதுக்கு வர்றேன்.)

வெக்கத்தோட இன்னொண்ணும் ஒட்டிக்கிட்டு இருக்கு, போன தடவை செஞ்சப்போ உடம்புக்கு எப்படி இருந்துச்சுங்கிறது. ஒருமுறை ஜிம்ல சேர்ந்தேன், முதல் நாளே அந்தத் தம்பி ஆர்வக்கோளாறுல எண்பது ஸ்குவாட் போட வச்சுட்டார், மூணு நாள் மாடிப்படியில பக்கவாட்டுல நண்டு மாதிரி இறங்கினேன், அதோட சரி. பேசிக்கிட்டே செய்ய முடியுற அளவுக்குள்ள இருந்தா பெரும்பாலானவங்களுக்கு நல்லாத்தான் இருக்கு, பேச்சு திணற ஆரம்பிக்கிற எல்லையைத் தாண்டினா கிட்டத்தட்ட எல்லாருக்குமே பிடிக்காமப் போக ஆரம்பிக்குதுன்னு இதுலயே வருஷக்கணக்கா ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. அதுலயும் ஒரு வேடிக்கை. 2016ல ஒரு சின்ன சோதனை, பதினஞ்சு நிமிஷம் சைக்கிள் மிதிக்கணும், ஒரு குரூப்புக்கு லேசா ஆரம்பிச்சு போகப்போகக் கஷ்டம், இன்னொரு குரூப்புக்கு கஷ்டமா ஆரம்பிச்சு போகப்போக லேசு. மொத்த உழைப்பு ஒண்ணுதான். ஆனா லேசா முடிச்சவங்களுக்கு அது நல்ல அனுபவமா மனசுல நின்னுச்சு, அடுத்த தடவையும் நல்லா இருக்கும்னு நம்பினாங்க. எண்பதாவது ஸ்குவாட்டோட என்னை வீட்டுக்கு அனுப்பின தம்பிக்கு இது தெரிஞ்சிருந்தா நான் இன்னும் ரெண்டு மாசமாவது போயிருப்பேன்.

ஜிம்முக்கு பணம் கட்டிட்டுப் போகாதவங்க மேல எனக்குத் தனிப் பாசம் உண்டு, நம்ம ஜாதி அது. 2006ல வந்த ஒரு பொருளாதார ஆய்வுல மாசாந்திர பாஸ் வச்சிருந்தவங்க சராசரியா மாசத்துக்கு நாலு தடவை, கொஞ்சம் கூட, அவ்வளவுதான் போயிருக்காங்க. ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியா டிக்கெட் வாங்கியிருந்தா செலவு கம்மி. பணம் கட்டும்போது இருக்கிற நாம வேற, காலையில எழுந்திரிக்கிற நாம வேற, அந்த ரெண்டாவது ஆளைக் கேக்காமலேயே முதல் ஆள் கையெழுத்து போட்டுட்டு வந்துடுறார்.

நடக்கிற அடியை எண்ணுற கடிகாரம் கட்டினதையும் சொல்லிடுறேன், ஒரு நாளைக்கு பத்தாயிரம் அடி எடுத்து வைக்கணும். ராத்திரி பதினொண்ணரைக்கு 9,940ல நிக்கும், நான் பல்லு விளக்கிக்கிட்டே பாத்ரூம்ல இந்த சுவருக்கும் அந்த சுவருக்கும் நடப்பேன். எங்க வீட்டுப் பொண்ணு பாத்துட்டு "அம்மா, கரப்பான்பூச்சியா?"ன்னு கேட்டா. அந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்தா, 1965ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற மீட்டர் ஒண்ணு வித்துச்சு, அதோட பேரே "பத்தாயிரம் அடி மீட்டர்". விளம்பரம்! டாக்டர் யாரும் எழுதிக் குடுத்தது இல்ல. 2019ல பதினாறாயிரத்துக்கும் மேல வயசான பெண்களை வச்சு பண்ணின ஆய்வுல, நாளைக்கு 2,700 அடி நடந்தவங்களை விட 4,400 அடி நடந்தவங்க அந்த ஆய்வு நடந்த வருஷங்கள்ல இறந்துபோனது 41 சதவீதம் கம்மி, 7,500 கிட்ட போனதுக்கு அப்புறம் கூடக்கூட நடந்தாலும் பெருசா வித்தியாசம் தெரியல. நான் பாத்ரூம்ல போட்ட அடியெல்லாம் அந்த விளம்பரக் கம்பெனிக்குக் காணிக்கை.

எண்ண ஆரம்பிச்சா நடை கூடும், ஆனா நடக்கிற சந்தோஷம் குறையும்னும் ஒரு ஆய்வு இருக்கு, எனக்கு அப்படியேதான் ஆச்சு. 2016ல போக்கிமான் கோன்னு, நடந்து நடந்து போன்ல விளையாடுற கேம் வந்தப்போ ஊர் உலகமே போனைப் பிடிச்சுக்கிட்டு தெருவுல நடந்துச்சே, அதையும் அளந்து பாத்தாங்க, முதல் வாரம் நாளைக்குக் கூடுதலா 955 அடி, ஆறாவது வாரம் பழைய குருடி கதவைத் திறடி. வெளியில இருந்து வர்ற ஆசை வந்த வழியே போயிடுது.

இப்போ டைமுக்கு வர்றேன், இதை எழுதணும்னு உக்காந்ததே இதுக்குத்தான்.

ஒருநாள் காலையில, சண்டை போடணும்னு எல்லாம் இல்ல, சும்மா ஒரு பேப்பர் எடுத்து 5:30ல இருந்து 8:30 வரைக்கும் அவரும் நானும் என்ன பண்றோம்னு ரெண்டு பத்தியில எழுதினேன். அவர் பத்தியில நாலு வரி: எழுந்திரிக்கிறது, ஓட்டம், குளியல், சாப்பிட்டுக் கிளம்புறது. என் பத்தி பேப்பருக்குப் பின்பக்கம் போச்சு. அடுப்பு, லஞ்ச் பாக்ஸ், பையனை எழுப்புறது, மறுபடி எழுப்புறது, மூணாவது தடவை எழுப்புறது, காணாமப் போன ஒத்தை சாக்ஸ், கையெழுத்து வாங்க மறந்த டைரி. அவர் ஷூ வாசல்லயே இருக்கு, என்னுது பீரோ மேல இருக்கு, ஏன்னு அப்போதான் புரிஞ்சுது. அவர் ஓடுற அந்த ஒரு மணி நேரத்தை அவருக்கு நான் குடுத்திருக்கேன். அவர் வில்பவர்னு சொல்றது பாதி என்னோட காலை.

பேப்பரைக் காட்டினேன். அவர் முன்பக்கம் படிச்சார், திருப்பினார், பின்பக்கம் படிச்சார். "சாக்ஸை எல்லாம் ஏன் எழுதுற"ன்னார். அப்புறம் ரொம்ப நேரம் எதுவும் பேசல. உலகம் முழுக்க எடுத்த அந்த 2022 கணக்குலயும் போதுமான அளவு அசையாத ஆம்பளைங்க 29 சதவீதம், பொம்பளைங்க 34 சதவீதம். நடுவுல இருக்கிற அந்த அஞ்சுக்குள்ள எத்தனை ஒத்தை சாக்ஸ் இருக்கோ.

வீட்டை விட்டு வெளியே வந்தாலும் தெருன்னு ஒண்ணு இருக்குல்ல. நடைபாதை இருக்கா, விளக்கு எரியுதா, நாய் துரத்துமா, எவனாவது வெறிச்சுப் பாப்பானா. பத்து நாடுகள்ல 14 நகரங்கள்ல ஆள் இடுப்புல அசைவை அளக்கிற மீட்டர் கட்டி அளந்து 2016ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல போட்டாங்க. வீடுகள் நெருக்கமா, நடந்து போற தூரத்துல பூங்காவும் பஸ் ஸ்டாப்பும் இருக்கிற பகுதியில இருக்கிறவங்க, அது எதுவும் இல்லாத பகுதியில இருக்கிறவங்களை விட வாரத்துக்கு 68ல இருந்து 89 நிமிஷம் கூட அசையுறாங்க. 150ல பாதி! யாரும் அட்வைஸ் பண்ணாம, ரீல்ஸ் போடாம, தெருவே பாதி வேலையைச் செஞ்சு குடுத்துடுது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை லண்டன் டபுள் டெக்கர் பஸ். ஜெர்ரி மோரிஸ்னு ஒரு டாக்டர் 1953ல வெளியிட்டது. ஒரே பஸ், ஒரே ஷிஃப்ட், டிரைவர் நாள் பூரா உக்காந்திருக்கார், கண்டக்டர் நாளைக்கு 500ல இருந்து 750 படி ஏறி இறங்குறார். மாரடைப்பு டிரைவருக்குத்தான் அதிகம், கண்டக்டருக்கு வந்தாலும் அவ்வளவு கடுமையா வரல. அந்த மோரிஸ் அதோட விட்டுடல, ஒருவேளை ஆரம்பத்துலயே குண்டா இருக்கிறவங்கதான் டிரைவர் வேலைக்கு வர்றாங்களோன்னு அவருக்கே சந்தேகம் வந்து, யூனிஃபார்ம் தச்ச கணக்குல பேன்ட் இடுப்பளவை எடுத்துப் பாத்தார், நெஜமாவே டிரைவர் இடுப்பு பெருசு. தன் ஆய்வையே சந்தேகப்பட்டு பேன்ட் அளவு தேடிப் போன மனுஷன், அவரை எனக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு. ஆனா நான் சொல்ல வந்தது வேற, அந்தக் கண்டக்டர்கள் யாரும் 5:15க்கு அலாரம் வச்சு, மனசைத் திடப்படுத்தி, படி ஏறல. மாடியில ஆள் உக்காந்திருக்கு, டிக்கெட் குடுக்கணும், ஏறினாங்க.

எனக்கும் மாடியில ஒரு ஆள் கிடைச்சாங்க. எங்களுக்கு மேல் வீட்டு ஆன்ட்டி, முட்டி மாத்து ஆபரேஷன் ஆகி ரெண்டு மாசம். பிசியோதெரபிஸ்ட் நடக்கச் சொல்லியிருக்கார், தனியா இறங்க பயம். ஒருநாள் லிஃப்ட்ல பாத்து "நாளைக்குக் காலையில ஒரு பத்து நிமிஷம் துணைக்கு வர்றியாம்மா, விழுந்துடுவேனோன்னு இருக்கு"ன்னு கேட்டாங்க. முடியாதுன்னு எப்படிச் சொல்றது. காலையில வீட்டுக்காரரை எழுப்பி "ஆன்ட்டிக்குத் துணைக்குப் போறேன், பையனை நீங்க பாத்துக்கோங்க"ன்னேன். கவனிச்சீங்களா, "வாக்கிங் போறேன்"னு சொல்லல. எனக்காகன்னு கேக்க வாய் வராது, அடுத்தவங்களுக்காகன்னா உடனே வந்துடுது. இதைத் தனியா ஒருநாள் எழுதணும்.

முதல் நாள் கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பினோம். ஆன்ட்டி என் முழங்கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு அடியையும் தரையைக் கேட்டுக் கேட்டு வைக்கிற மாதிரி வச்சாங்க. மூணாவது பெஞ்ச் வந்தா உக்காந்துடணும், அது சட்டம். உலகத்துலயே மெதுவான நடை, அதனால எனக்கு மூச்சு வாங்கல, மூச்சு வாங்காததால விசில் கேக்கல. எங்களை முந்திக்கிட்டுப் போறவங்க ஆன்ட்டியைத்தான் பாத்தாங்க, என்னை யாரும் பாக்கல. பத்து நாள் கழிச்சு ஆன்ட்டி குனிஞ்சு என் செருப்பைப் பாத்து "என்னைப் பிடிச்சுக்கிட்டு வர்ற, நீயே வழுக்கி விழுந்துடுவ போலிருக்கே"ன்னாங்க. அன்னிக்குத்தான் பீரோ மேல இருந்து அட்டைப்பெட்டி இறங்குச்சு, வெள்ளை பாக்கெட்டைத் தூக்கிப் போட்டேன்.

ரெண்டு மாசத்துல அரை மணி நேரம் ஆச்சு. அப்புறம் ஆன்ட்டி கையை விட்டுட்டாங்க, அப்புறம் எனக்கு முன்னாடி போக ஆரம்பிச்சுட்டாங்க.

இருபத்தோரு நாள் செஞ்சா பழக்கமாயிடும்னு சொல்வாங்களே, அது 1960ல ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் தன் நோயாளிங்க புது முகத்துக்குப் பழக குறைஞ்சது அவ்வளவு நாள் ஆகுதுன்னு எழுதினது, சுத்தி சுத்தி வந்து நம்ம தலையில விழுந்திருக்கு. லண்டன்ல 96 பேரை வச்சுப் பாத்தப்போ நடுவாந்திரமா 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 வரைக்கும் போகும்னு கணக்கு வந்துச்சு. நடுவுல ஒரு நாள் விட்டாலும் ஒண்ணும் குடி முழுகிடல. இன்னொண்ணு, 2021ல அறுபதாயிரத்துக்கும் மேல ஜிம் மெம்பர்கள்கிட்ட 54 விதமான ஐடியா போட்டுப் பாத்ததுல நல்லா வேலை செஞ்ச ஐடியா, விட்டவங்க திரும்பி வந்தா சின்னதா ஒரு போனஸ் குடுக்கிறது. அதுவும் நாலு வாரம் கழிச்சு நிறுத்தினப்போ பெரும்பாலான ஐடியாவோட வேகம் அடங்கிடுச்சுங்கிறதையும் சொல்லணும், இல்லைன்னா நான் பொய் சொல்ற மாதிரி ஆயிடும்.

பொய்னு சொன்னதும்தான் ஞாபகம் வருது. போன மாசம் ஆன்ட்டி மூணு வாரத்துக்கு மகன் வீட்டுக்குப் போயிட்டாங்க. எனக்குள்ள பழக்கம் வேர் விட்டாச்சு, இனி நானே ராணின்னு நெனச்சேன். நாலு நாள் தனியா நடந்தேன். அஞ்சாவது நாள் தூறல். ஆறாவது நாள் தூறல் இல்ல, ஆனா இருக்கலாம்னு தோணுச்சு. பத்தாவது நாள் ஆன்ட்டி போன், எடுத்ததும் முதல் கேள்வி, "நடக்கிறியா?" நான் "ம்ம், தினமும் ஆன்ட்டி"ன்னேன். சொல்லிட்டு அன்னிக்குப் பூரா ஒரு மாதிரியா இருந்துச்சு. சாயந்தரம் ஆறே கால் மணிக்கு ஷூவைப் போட்டுக்கிட்டு இறங்கி, ரெண்டு சுத்து சுத்தி, மூணாவது பெஞ்சை ஒரு போட்டோ எடுத்து "இன்னிக்குக் காலையில எடுத்தது"ன்னு போட்டு அனுப்பினேன்.

ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு. "ஏம்மா, நான் இங்க வந்ததுக்கு அப்புறம் சூரியன் கேட் பக்கம்தான் உதிக்குதா?"